கான் இல்லை, ஆறு

கேமரன் மலையில் பனி இறங்காத காலை உண்டு, பஸ் நேரத்துக்கு வந்த நாளும் உண்டு. பந்தாஹான் அண்ணன் ஒரு விஷயத்துக்குச் சரி என்று தலையாட்டிய நாள் மட்டும் கிடையாது. பந்தாஹான் என்றால் மலாயில் ஆட்சேபணை. திரிங்காப் ஊரில் காய்கறி லோரி ஓட்டி ஓய்ந்த மனிதர். சட்டைப் பையில் ஆட்சேபணை ஃபாரம் நாலைந்து எப்போதும் மடித்திருக்கும். அவருடைய ஞானஸ்நானப் பெயர் கோயில் பதிவேட்டுக்கே மறந்திருக்கும்.

ஒரு கல்யாணத்தில் ஃபாதர், "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா?" என்று கேட்டார். அண்ணன் எழுந்து நின்றார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கல்யாணத்துக்கு இல்ல ஃபாதர். சமையக்காரங்க எச்சி எலைய ஆத்துல கொட்டுறாங்க. அதத்தான் சொல்ல வந்தேன்."

அந்த ஆறுதான் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் குடிதண்ணீர். அதற்கு மேலே மலையைச் சரித்துக் காய்கறித் தோட்டம் போட ஒரு முதலாளி மனு கொடுத்திருந்தார். அந்தச் சமயம் புதிய திட்ட வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மற்றவர்கள் தங்கள் வீடு எங்கே என்று தேடினார்கள். அண்ணன் பூதக்கண்ணாடியோடு போய் ஆற்றைத் தேடினார். அது ஆறாக இல்லை. 'பாரிட்' என்று போட்டிருந்தது. அதாவது கான், வாய்க்கால். ஆறு என்றால் கரையை ஒட்டி மண்ணைத் தொட முடியாது. கான் என்றால் தண்ணீர் விளிம்புவரை வெட்டலாம். ஒரு மழைக்கு எங்கள் பைப்பில் சேறுதான் வரும்.

"எந்தப் புண்ணியவான்டா இப்படிச் சொல்லிக்குடுத்தது?" என்று சாப்பாட்டுக் கடையில் கத்தினார்.

நான் ரொட்டி சானாயைக் குனிந்து பிய்த்துக்கொண்டிருந்தேன். வரைபடத்துக்காக அளக்க வந்தவர்கள் அது என்ன என்று என்னிடம்தான் கேட்டார்கள். எங்கள் பேச்சில் ஓடுகிற தண்ணீர் எல்லாமே கான். பெரிய மனுஷனாட்டம் அதையே மலாயில் மாற்றி, "பாரிட் லா" என்று சொல்லியனுப்பியவன் நானே.

அதன்பிறகு கான் என்று சொன்னவனோடு அண்ணன் பேசுவதில்லை. "கான்ல துணி அலசப் போறேன்ணே" என்றால் காது கேட்காது. "ஆத்துல" என்று திருத்தினால்தான் திரும்புவார். கடைக்கார பாய், "எதுக்கு வம்பு?" என்று தன் கடைச் சாக்கடையையும் ஆறு என்றே சொல்லத் தொடங்கினார்.

அண்ணன் எழுதிப் போட்ட ஆட்சேபணைக்கு விசாரணை வைத்த நாளில் லைனே திரண்டு போனது. அதிகாரி அம்மா கேட்டார்: "உங்க ஆளுங்களே பாரிட்னுதானே சொல்லியிருக்காங்க?"

"லைன்ல பொறந்தவன் வாயில ஆறு வராது, புவான். கடலக் காட்டுனாலும் பெரிய கான்னுதான் சொல்லுவான். கான் மழைக்கு ஓடும், வெயிலுக்குக் காயும். இது என்னைக்குக் காஞ்சிச்சு? நீங்களே வந்து பாருங்க."

"சரி. பாரிட்னு சொன்னது யாரு?"

நான் நாற்காலியைப் பிடித்து எழப் பார்த்தேன்.

"நாந்தான், புவான். வயசாயிருச்சு, தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் அண்ணன்.

வெளியே வந்ததும், "ஏண்ணே? நாந்தான்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"அன்னைக்கு ரொட்டிய நீ பிச்ச பிய்ப்புலயே தெரிஞ்சிருச்சு. நீ எந்திரிச்சா அந்தம்மா இன்னும் நாலு கேள்வி கேக்கும். மலையக் காட்டுனா மேடும்ப, காட்டக் காட்டுனா புல்லும்ப. ஒன்ன நம்பி மைக்க குடுக்க முடியுமாடா?"

அந்தம்மா நேரில் வந்து பார்த்தார். சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது: வரைபடத்தில் 'சுங்கை', அதாவது ஆறு, என்று திருத்தியாகிவிட்டது, கரையோரம் வெட்டக்கூடாது. கடிதத்தோடு நேராக என் வீட்டுக்கு வந்த அண்ணன், குசினிப் பைப்பைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"பல்லு கூசுதுடா. இவ்வளவு சில்லுன்னு இருந்தா மனுசன் எப்படிக் குடிக்கிறது? இதுக்கும் ஒரு பந்தாஹான் எழுதணும்."

பேனாவை நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன்.