மூக்கரும் மஞ்சள் லைட்டும்

கிளிநொச்சியில் பொய் சொல்ல முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கோயில் என்று நினைப்பீர்கள். இல்லை. வட்டக்கச்சிக்குப் போகிற றோட்டில் இருந்த மூக்கரின் வாகனம் திருத்தும் கராச்.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை; மணத்தை வைத்தே பிழை பிடிக்கிற மூக்குத்தான் பெயராகிவிட்டது. போரில் பொருட்கள் வரவிடாமல் தடுத்து, பெற்றோல் போத்தலில் விற்ற தடைக் காலத்தில், மோட்டார் சைக்கிள் வாசலுக்கு வருமுன்னமே உள்ளேயிருந்து குரல் வரும்: "முக்கால்வாசி மண்ணெண்ணெய். ஆரை ஏமாத்துறாய்?" பவுடர் பூசிக்கொண்டு கராச்சுக்குள் வரக்கூடாது. தலைக்கு நல்லெண்ணெய் வைத்தவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். ஒருமுறை கலியாண மாப்பிள்ளை ஒருவர் சென்ற் அடித்துக்கொண்டு வந்து, கிணற்றடியில் முகம் கழுவிய பிறகுதான் உள்ளே விடப்பட்டார். தாலி கட்டப் போகிற நேரம் ஐயா!

சமாதான காலத்தில் கொழும்புக்குப் போகும் பாதை திறந்ததும் எனக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் சாரதி வேலை கிடைத்தது. புத்தம்புதுப் பெற்றோல் கார். இரண்டாம் மாதம் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் ஒன்று பற்றியது. கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் பிழை காட்டும் பெட்டியோடு வந்து வயரைச் செருகினார். பெற்றோல் தாங்கியிலிருந்து ஆவி கசிகிறது என்று பெட்டி சொன்னதாம். மூடியைப் பார்த்தார், குழாயெல்லாம் தடவினார், ஒன்றும் அகப்படவில்லை. லைட்டை அணைத்துவிட்டுப் போனார். ஒரு கிழமைக்குள் அது திரும்பவும் பற்றியது.

எங்கள் அலுவலகப் பெரியவர் கொழும்புக்காரர். "வெள்ளிக்கிழமைக்குள்ள இது அணையாட்டி காரைக் கொழும்புக்கு அனுப்பிருவேன். கார் இல்லாம உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார். வீட்டில் ஆறு பேர் என்னை நம்பி இருந்தார்கள்.

மூக்கரிடம் ஓடினேன். காரை இரண்டு தரம் சுற்றி வந்தார். தாங்கி மூடியை மணந்தார். பிறகு என்னைச் சுற்றி வந்தார்.

"தம்பி, காரிலும் பாக்க உன்ர சேட்டுப் பைதான் பெற்றோல் மணக்குது. என்னடா அதுக்குள்ளை?"

"ஒண்டுமில்லை அண்ணை."

"ஆருக்குக் கதை விடுறாய்? எடு வெளியிலை!"

எடுத்தேன். நாலாய் மடித்த சொப்பிங் பை. தடைக் காலத்துப் பழக்கம் அது. பெற்றோல் பறந்துவிடாமல் தாங்கி வாயில் பொலித்தீனை விரித்து, அதன்மேல்தான் மூடியைத் திருகுவோம். புதுக் காருக்கும் பக்குவமாய் அதையே செய்துவந்தேன். வேறு யாராவது மூடியைத் திறக்கப் போனால், பார்க்க வடிவில்லையே என்று முதலே உருவிப் பைக்குள் வைத்துவிடுவேன். நிபுணர் வந்தபோதும் அப்படித்தான், மூக்கரிடம் வந்தபோதும் அப்படித்தான்.

மூக்கர் கதிரையில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அட விசரா! பொலித்தீனை விட்டால் மூடி எப்பிடி இறுகும்? சுருக்கத்துக்குள்ளாலை ஆவி போகுது, கார் கத்துது. பெற்றோலைக் காப்பாத்துறன் எண்டு நீதான் பறக்க விட்டிருக்கிறாய்!"

மூடியை டக், டக், டக் என்று சத்தம் வரும்வரை திருகினார். லைட் அசையவில்லை.

"உடனை அணையாது. காலமை காலமை கார் தானே தன்னைச் சோதிச்சுப் பாக்கும். தாங்கி நிறைஞ்சிருந்தால் சோதிக்காது; வாய் முட்ட நிரப்பாதை, அரைத் தாங்கியோடை ஓடு."

பெற்றோலைக் கண்டால் காரை ஆட்டி ஆட்டி நிரப்புகிற எனக்கு இது பெரிய தண்டனை. அக்கராயனுக்கும் பரந்தனுக்கும் ஓடினேன். பாதிக் கண் றோட்டில், பாதிக் கண் லைட்டில். வியாழன் காலை பார்த்தால், லைட்டைக் காணோம். ஸ்ரியறிங்கைக் கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பெரியவர் காரில் ஏறி, லைட்டை அணைத்தது யார் என்று கேட்டு, நேரே மூக்கரிடம் விடச் சொன்னார். "என்ன பிழை இருந்துச்சு?" என்று அவரிடமே கேட்டார். காரைக் கெடுத்ததே சாரதி என்று தெரிந்தால் வேலை போச்சு. மூக்கரோ கலியாண வீட்டில் சாம்பாரைக்கூடப் பொய்யாய்ப் புகழாத மனிதர்.

மூக்கர் என்னை ஒருதரம் பார்த்தார். "மூடி றப்பரிலை எங்கட றோட்டுப் புழுதி பிடிச்சிருந்தது ஐயா. தம்பி காரை நல்லாத்தான் பாக்கிறார்."

பெரியவர் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். மூக்கர் என் சேட்டுப் பக்கம் குனிந்து மணந்தார்.

"இப்ப பயம் மட்டுந்தான் மணக்குது. போ, போய் ஓடு."

பொய்யே நுழையாத அந்தக் கராச்சில் ஒரேயொரு பொய் எனக்காகச் சொல்லப்பட்டது. இன்றைக்கும் பெற்றோல் மூடியை மூன்று சத்தம் கேட்கத் திருகும்போதெல்லாம், அந்த மனிதரை அன்றைக்கு ஒருதரம் கட்டிப்பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டேனே என்று மனம் கிடந்து அடிக்கிறது.