நான் நலம், ஆர்கனைக் கொண்டு வா

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

பிரியமான என்ற வார்த்தையை எழுதினேன், அடித்தேன், மறுபடியும் எழுதியிருக்கிறேன். கடைசியாக எழுதியதையே எடுத்துக்கொள்.

நான் நலம். நீயும் உன் மனைவியும் சுகமாயிருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. மறுபடியும் எழுதுகிறேன், நான் நலம். 'துயரத்தில் வாடும் குடும்பத்தாருக்கு' என்று நீ எழுதிய கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. நானும் குடும்பத்தாரில் ஒருத்தி என்பதால் நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு ஒரு வரி எழுதாதவன், நான் செத்துப்போனேன் என்றதும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். கையெழுத்து இன்னும் அச்சுக் கோத்த மாதிரி இருக்கிறது. இருக்காதா? என்னை நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டு உன்னைத்தானே படிக்க வைத்தார்கள். என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். உயிரோடு இருக்கிறேன் என்பதை நம்ம கையால் எழுதினால்தான் நம்புவார்கள்.

இது எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாதே. என் மகளுக்கும் மருமகனுக்கும் ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை, அதனால் கோடை விடுமுறைக்குப் பேத்தியை என்னிடம் அனுப்பினார்கள். பதினேழு வயசு, பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள், பேர் ஒன்று உண்டு, ஆனால் நான் குருவி என்றுதான் கூப்பிடுவது. நீ போனபோது அவள் பிறக்கவே இல்லை, அதனால் உன் மேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது, அது இந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும்தான். இந்த வருஷம்தான் ஆலயத்தில் முழு அங்கமாகச் சேரும் திடப்படுத்தல் எடுத்தாள். பக்தி புதுச் செருப்பு மாதிரி இருக்கிறது, நடக்க நடக்கச் சத்தம் போடுது. சாப்பிடும் முன் ஜெபம், படிக்கும் முன் ஜெபம், பஸ் ஏறும் முன் ஜெபம், பஸ் இரண்டு தடவை போயே போய்விட்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்வோம். வந்த நாலாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"பாட்டி, மன்னிக்கிற இடம் வரும்போது மட்டும் உங்களுக்கு ஏன் இருமல் வருது?"

"தொண்டை வறட்சி."

"மத்த இடத்துல வறட்சி இல்லையா?"

"வாயை மூடிக்கிட்டு ஆமென் சொல்லு" என்றேன். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று கேட்கிறாள். நம்ம அம்மா வழி வாய், சந்தேகமே இல்லை.

இப்படி இருக்கும்போது எங்கள் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிற வாத்தியாருக்குக் கண்ணில் ஆபரேஷன். ஆறு வாரம் தலையைக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதகர் விடுமுறைக்குப் போகிற அவசரத்தில் குருவியிடம், "பள்ளிக்கூடத்தில் பியானோ கத்துக்கிட்டியாமே, மூணாம் ஞாயிறு ஒரே ஒரு பாட்டு வாசிச்சிடும்மா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாட்டு எது தெரியுமா? உயிர்த்தெழுதல் பாட்டு. சபையே கைதட்டிப் பாடுகிற பாட்டு. குருவி ஆர்கன் வாத்தியார் வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணில் கட்டோடு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே, "முதல்ல இடது கை மட்டும். பாதி வேகம். பாதியிலயும் பாதி. கை தன்னால போகணும்" என்று சொல்லி அனுப்பினார்.

யாரிடமோ ஒரு சின்ன கீபோர்டை இரவல் வாங்கி வந்து, வைக்க இடமில்லாமல், முன்னறை ஜன்னலோரம் என் இஸ்திரிப் பலகையின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு ஆரம்பித்தாள். தம்பி, அந்தப் பாட்டை இடது கையால் மட்டும், பாதியிலும் பாதி வேகத்தில் கேட்டிருக்கிறாயா? கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவர்கள் எல்லாரும் வழியில் கிணற்றில் விழுந்த மாதிரி இருக்கும். காலையில் ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். ஜன்னல் திறந்தே கிடக்கும், கோடைக்காலம், என்ன செய்வது. மூணாவது வரியில் இடது கை ஒரு தாவு தாவ வேண்டும். அங்கே மட்டும் ஒவ்வொரு தடவையும் தப்புக் கட்டையில் விழும். விழுந்ததும் அழுவாள். அழுதுவிட்டு முகம் கழுவாமல் வாசலில் பால் வாங்கப் போவாள்.

இரண்டாம் நாள் அந்த இஸ்திரிப் பலகையின் கால் தட்டி நான் விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. உள்ளறையில் படுத்தவள்தான், பத்து நாள். ஒரு ஞாயிறு ஆலயத்துக்குப் போகவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. இடது பக்கம் மூணாவது பெஞ்சு, தூண் ஓரம், என் இடம் காலி.

பலகை வேண்டாம், கீபோர்டுக்கு ஒரு மேடை அடிக்கலாம் என்று தச்சரை வரச் சொன்னேன். எங்கள் தெருவில் மேசையும் அவர்தான் செய்வார், சவப்பெட்டியும் அவர்தான் செய்வார். முன்னறையில் அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டே படியிறங்கினார். மாடி வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். எல்லாம் என் அறைக்குக் கேட்கிறது.

"யாருக்குங்க அளவு?"

"இந்தப் பாட்டி வீட்டுக்குத்தாம்மா. நாலடி போதுமாம்."

"நாலடியா? ஐயோ, கடைசியில அவ்வளவு சுருங்கிட்டாங்களா!"

தச்சருக்கு ஒரு காது மந்தம். "ஆமாம்மா, எடம் சின்னது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அவள் சொன்ன இதை நான் மறக்கப் போவதில்லை.

சாயங்காலமே சூப்போடு வந்து நின்றாள். குருவி கதவைத் திறந்தாள், மூணாவது வரிக்கு அழுத கண்ணோடு.

"ரொம்பக் கஷ்டப்பட்டாங்களாம்மா?"

"கொஞ்சம் கத்தினாங்க, அப்புறம் அமைதியாயிட்டாங்க."

"உங்க அம்மாவுக்குச் சொல்லிட்டியா?"

"லீவு கிடைக்காதுன்னாங்க. நானே பாத்துக்குவேன், ஆன்ட்டி."

"ஐயோ, தங்கமே!" என்று கட்டிப்பிடித்து அழுதாள். அதற்குப் பிறகு பேக்கரிக்காரர் ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை. தையல்காரர் மிஷினை நிறுத்தி வைத்தார். குருவி என்னிடம் வந்து, "பாட்டி, சர்ச்சுல வாசிக்கப் போறேன்னு இந்தத் தெருவே எவ்வளவு பாசமா இருக்குது!" என்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொருத்தர் பேசுவதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ராத்திரியோடு ராத்திரியாக என்னை மகள் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். தையல்காரர், "கோபக்காரிதான், ஆனா கொடுத்த துணி ஒரு நாள் லேட்டானா அவங்க கேட்ட மாதிரி இனிமே யாரு கேப்பா" என்றார். மாடி வீட்டுக்காரி, "இனிமே படிக்கட்டுல வாளி வைக்கலாம்" என்றாள். ரெண்டையும் மனசில் எழுதி வைத்திருக்கிறேன், தனித்தனிப் பக்கத்தில்.

ஆலயத்தில் மணியடிக்கிறவர்தான் போதகர் இல்லாத நேரத்தில் எல்லாப் பொறுப்பும். வெளியூர்ச் சொந்தங்களுக்குத் துக்கக் கார்டு போடுவதும் அவர்தான். உனக்கும் போட்டிருக்கிறார். உன் முகவரி அவருக்கு எப்படிக் கிடைத்ததோ, ஊர் வாயைப் பற்றி நான் என்ன சொல்வது.

மூணாம் ஞாயிறு வந்தது. கால் பரவாயில்லை. குருவி முன்னாலேயே போய்விட்டாள், நான் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் மெதுவாகப் போனேன். நான் வாசல்படி ஏறும்போது பாட்டு ஆரம்பித்துவிட்டது. குருவி ரெண்டு கையாலும், முழு வேகத்தில், இத்தனை நாளில் முதல் தடவை. சபையார் என்ன செய்தார்கள் தெரியுமா? பாட்டியைப் பறிகொடுத்த பிள்ளை வாசிக்கிறாள் என்று மனசு உருகி, கையைக் கட்டிக்கொண்டு மெல்ல மெல்ல இழுத்துப் பாடுகிறார்கள். ஆர்கன் முன்னால் ஓடுது, சபை பின்னால் நொண்டுது. பிள்ளை பயந்துபோய்விட்டாள். எங்கள் ஆர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி உண்டு, வாசிக்கிறவர் திரும்பாமலே பின்னால் நடப்பதைப் பார்க்க. மூணாவது வரி வரும் நேரம் அவள் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தாள். நடுப்பாதையில் நான் வருகிறேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கட்டையைக் குனிந்து பார்க்காமலே, இடது கை தாவி சரியான இடத்தில் விழுந்தது. அங்கே மணியடிக்கிறவர் காணிக்கைத் தட்டைக் கீழே போட்டார். பேக்கரிக்காரர் "அல்லேலூயா" என்று கத்தினார். அப்புறம் யாரும் மெதுவாகப் பாடவில்லை, கூரை போயிருக்கும். என் இடத்தில் மாடி வீட்டுக்காரி ஒரு மெத்தையே போட்டு உட்கார்ந்திருந்தாள். "நகரு" என்றேன், நகர்ந்தாள். மெத்தையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்துபோனது, உனக்கு மட்டும் யாரும் எழுதவில்லை. புதன்கிழமை உன் கடிதம் வந்தது. நான் ஒரு தடவை படித்தேன். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, குருவியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். மூணாம் பக்கத்தில் எழுதியிருந்தாயே, 'அம்மாவின் மிதி ஆர்கன் அக்காவுக்குத்தான் சேர வேண்டியது, அம்மா அவளுக்கென்றுதான் என்னிடம் சொன்னாள், அவள் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்த நாளில் நான் வண்டி வைத்து எடுத்து வந்துவிட்டேன், இத்தனை வருஷம் யாரும் வாசிக்கவில்லை, மேலே துணி அடுக்கி வைத்திருக்கிறோம், அவள் நினைவு ஆராதனைக்கு அதைக் கொண்டுவந்து தருகிறேன்' என்று. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, தூறல், வண்டியின் வலது சக்கரம் கிறீச்சிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், ஆர்கனை ஒரு சிவப்புப் போர்வையால் மூடியிருந்தாய். போர்வையும் என்னுடையது. அதைப் பற்றி நாலு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

குருவி படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பாட்டி, இருமல் இதுக்குத்தானா?"

கடிதத்தை வாங்கி மடித்து வைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த மன்னிக்கிற இடம் வந்தது, தொண்டை சும்மா இருந்தது. குருவி ஆமென்னை என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்காக நீ வராமல் இருந்துவிடாதே. செத்தவளுக்குக் கொண்டுவர முடிகிற ஆர்கனை இருக்கிறவளுக்கும் கொண்டுவரலாம், எடை ஒன்றுதான். பிள்ளைக்கு இன்னும் மூணு ஞாயிறுதான் லீவு. அதற்குள் அம்மா மிதித்த மிதியை அவள் ஒரு தடவை மிதிக்க வேண்டும். தச்சரிடம் சொல்லி வைத்துவிட்டேன், முன்னறையில் சுவரோரம் அளந்து வைத்திருக்கிறார். மேலே அடுக்கின துணியை எடுத்துவிட்டுக் கொண்டு வா. சக்கரத்துக்கு எண்ணெய் போடு.

உன் மனைவிக்கு என் அன்பு, அவள் என் மகள் கல்யாணத்துக்கு வராததை அவள் நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம். உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் போக்கையும் வரத்தையும், முக்கியமாக வரத்தை, ஆண்டவர் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போனேன், மனசு உறுத்துது, ஒட்ட வரமாட்டேன்குது. நான் காலோடு படுத்திருந்த வெள்ளிக்கிழமை குருவி பால் வாங்கப் போயிருந்தபோது மணியடிக்கிறவர் என் அறை ஜன்னல் திரைக்கு வெளியே நின்று, "பாட்டியோட தம்பிக்குச் சொல்லியாச்சாம்மா?" என்று துக்கமாகக் கேட்டார். என்னைப் பேத்தி என்று நினைத்துக்கொண்டார். "இல்லை" என்றேன். "முகவரி தெரியுமா?" என்றார். சொன்னேன். கதவு எண், தெரு, எல்லாம். இடையில் நீ மூணு வீடு மாறினாய், மூணும் எனக்கு மனப்பாடம். குரலை மட்டும் கொஞ்சம் மெலிசாக்கினேன், மற்றபடி ஒரு பொய்யும் சொல்லவில்லை. இதைக் குருவியிடம் சொல்லிவிடாதே. உடனே மன்னித்துவிடுவாள், என்னால் தாங்க முடியாது. போர்வையையும் கொண்டு வா.