கூறைச் சேலையில் பிழிந்த கடற்பஞ்சு

சிவமயம்

மூவார், ஜொகூர்
21-2-1934, புதன்

சிரஞ்சீவி மகன் ராஜசேகரனுக்கு அப்பா சாம்பசிவம் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. இங்கிலாந்துக் குளிரில் நீ கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இக்கடிதம் கண்டதும் பெட்டியைக் கட்டி அடுத்த கப்பலில் ஏறவும். இன்னும் ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்ய அனுமதி கேட்டிருந்தாய். அனுமதி இல்லை. காரணத்தைக் கீழே விவரமாக எழுதுகிறேன். குறுக்கே பேச நீ பக்கத்தில் இல்லாதது எனக்கு வசதி.

குளுவாங் ஸ்டேஷன் மாஸ்டர் சதாசிவத்தார் தம் மகள் தவமணிதேவியை உனக்குப் பேசுவதற்காகப் போன ஞாயிறு குடும்பத்தோடு வந்தார். மாப்பிள்ளை மூன்று வருஷமாய் அப்படி என்ன படிக்கிறார் என்று கேட்டார். நான் உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். உயிருள்ள கடற்பஞ்சைப் பட்டுத்துணியில் வைத்துக் கடல்நீருக்குள் பிழிந்தால் அது தனித்தனி உயிரணுக்களாய்ச் சிதறும், பிறகு அவை தாமாகவே ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மறுபடி பஞ்சாகும், எந்த அணு எங்கே நிற்பது என்று யாரும் சொல்வதில்லை, அது எப்படி நடக்கிறது என்பதுதான் டாக்டர் பட்டத்துக்கு என் மகன் செய்யும் ஆராய்ச்சி என்று விளக்கினேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "என்ன விசர்க்கதை ஐயா! நான் கொடி காட்டாமல் ஒரு கூட்ஸ் வண்டி அசையுமோ? ஒருத்தரும் சொல்லாமல் எல்லாம் தன்ரை தன்ரை இடத்திலை போய் நிக்குமோ?" இருபத்தாறு வருஷம் கந்தோரில் பெரிய கிளாக்கராய் இருந்த எனக்கும், மேலிடத்தில் ஒரு கையெழுத்து விழாமல் ஒன்றும் நடவாது என்று தெரியும். ஆனாலும் என் பிள்ளையின் படிப்பை என் வீட்டு விறாந்தையில் வைத்தே சிரித்தால் விடுவேனா? "சமையல் முடியட்டும், கண்ணாலை காட்டுறன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஆற்றுமுகத்துக்கு ஓடினேன். மீன்காரர் பாக் மாட் தன் மீன்பொறிக் கம்பிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கடற்பஞ்சை உரித்துத் தந்து, "அலமாக்! இதைத் தின்ன முடியாதே, துவான்" என்று மலாயில் பதறி எச்சரித்தார். பட்டுத்துணிக்கு எங்கே போவது? வீட்டில் இருந்த ஒரே பட்டு உன் அம்மாவின் கூறைச் சேலை. தாலி கட்டிய அன்று உடுத்தது. சாகும்போது போர்த்திக்கொண்டு போக வேண்டும் என்று கற்பூரம் போட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள். ஒரு மூலைதானே என்று எடுத்தேன். மூலை போதவில்லை. கடல்நீர் ஊற்றிய இரண்டு பீங்கான் கிண்ணங்களில் பிழிந்தேன். நாற்றத்தைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது. ஒன்றைப் பின்கட்டில் வைத்துவிட்டு, மற்றதை விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று விறாந்தை ஓரத்து ஸ்டூலில் வைத்தேன். சாப்பிட்டவர்கள் கை கழுவ நாங்கள் வழக்கமாய்த் தண்ணீர் வைப்பது அதே ஸ்டூலில்தான் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. சதாசிவத்தார் வந்தார், ஐந்து விரலையும் விட்டு ஆறுதலாய், அவசரமில்லாமல் கழுவினார். தண்ணீர் கலங்கலாய் இருக்கிறதே என்றுகூடக் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டு மரியாதை. பிறகு அதே கையால் நெற்றியைத் துடைத்தார். கடற்பஞ்சின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத முள் உண்டு என்று நீ மூன்று வருஷக் கடிதங்களில் ஒன்றிலாவது எழுதியிருக்கலாம். மனிதர் கையைச் சொறிந்தார், நெற்றியைச் சொறிந்தார், சந்தனம் பூசியும் சொறிந்தார், காரில் ஏறிச் சொறிந்துகொண்டே குளுவாங் போனார். தவமணிதேவி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். நல்ல பெண்.

அதன்பிறகுதான் உன் அம்மா சேலையைக் கண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்று நாளாய் ஒரு பேச்சில்லை. கோப்பையைக் கொண்டுவந்து வைக்கும் சத்தம் மட்டும்தான்.

மனம் விட்டுச் சொல்கிறேன், தம்பி, எனக்குப் பயமாய் இருக்கிறது. இந்தச் சம்பந்தமும் நின்றுபோய், இங்கே ஒருவருக்கும் விளங்காத ஒன்றைப் படித்துக்கொண்டு அங்கேயே நீ தனித்துப் போய்விடுவாயோ என்று பயம். கந்தோரில் உனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்துவிடு.

முருகன் உன்னைப் பத்திரமாய்க் கப்பல் ஏற்றி இறக்குவானாக.

இப்படிக்கு உத்தரவிடும் அப்பா,
க. சாம்பசிவம்

பி.கு.: கப்பல் தபால் வெள்ளிக்கிழமைதான் என்பதால் கடிதம் மேசையில் கிடந்தது. இன்று காலை உன் அம்மா என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். நான் மறந்தே போன இரண்டாவது கிண்ணத்தை அவள் கொட்டவில்லை. தினமும் ஆற்றுமுகத்துக்குப் போய்ப் புது உப்புநீர் கொண்டுவந்து மாற்றியிருக்கிறாள். பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கலங்கலைக் காணோம். அடியில் கடுகு கடுகாய்ச் செம்மஞ்சள் உருண்டைகள். இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. "ஒருத்தரும் சொல்லேல்லை, பாருங்கோ" என்றாள். ஐந்து நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. "ஏன் சேருது எண்டு பிள்ளை கண்டுபிடிச்சிட்டு வரட்டும். அதுக்குள்ளை அவனைக் கூப்பிட்டியள் எண்டால், நான் அவனிட்டைக் கப்பல் ஏறிடுவன்." இதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதுகிறேன் என்றேன். "வேண்டாம். அப்பா என்ன செய்தவர் எண்டு அவனுக்கும் தெரியட்டும்."

ஆகவே மேலே கண்ட உத்தரவு ரத்து. வேண்டிய மட்டும் இரு. சதாசிவத்தாருக்கு நானே எழுதி மன்னிப்புக் கேட்கிறேன். நாளை முதல் உப்புநீர் கொண்டுவருவது என் வேலை.