மூவாயிரம் தலைக்கு ஒரு கடை

திசையன்விளை பக்கம்,
12.11.1996

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஹெப்ரானுக்கு, அக்கா இன்பமணி எழுதிக்கொண்டது. இங்கு நானும் கோழியும் சுகம். பம்பாயில் நீ, ஜெசி, பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் தொப்பை என் ஜெபத்துக்கு மிஞ்சின சுகத்தில் இருப்பதாகக் கேள்வி.

விஷயம் என்னவென்றால், நம் குழாயடிக்கு எதிரே பிராந்திக்கடை போட சுயம்புலிங்க அண்ணாச்சி லைசென்ஸ் கேட்டிருக்கிறார். ஊரில் மூவாயிரம் தலை இருந்தால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்களாம். உடனே அண்ணாச்சிக்கு ஊர்சனத்தின் மேல் வந்த பாசம் இருக்கிறதே! சாரம்மாள் மயினியின் வயிற்றைப் பார்த்து, "எப்பம் பொறக்கும்?" என்று கேட்டார். அது வாயுத் தொல்லை. கடை வரக்கூடாதென்று நாங்கள் பொம்பளைகள் எல்லாம் தலை எண்ண வந்த சாரோடு வீடு வீடாகப் போனோம், ஊரில் இல்லாதவனை எழுதக்கூடாது என்று நான்தான் முன்னால் நின்று கத்தினேன், சூரத்துக்குப் போன மகனைச் சேர்த்தவளிடம் "அவன் செருப்பையாவது காட்டு" என்று மடக்கினேன், செத்த மாமனாரைச் சேர்த்தவரிடம் "அவரு எந்திச்சு வந்து குடிக்கவா போறாரு வே?" என்றேன், சாரே சிரித்துக்கொண்டு கணக்கிலிருந்து ஒரு தலையை அடித்தார்.

கடைசி வீடு நம் வீடு. கணக்கு 2997-ல் நிற்கிறது. "இங்கன எத்தன பேரு?" என்றார் சார். மயினி என் விலாவில் இடித்து, "ஒண்ணுன்னு சொல்லு, கடை போச்சு!" என்றாள். ஒன்று என்று சொல்லிவிட்டேன். உங்கள் நாலு பேரையும் அடித்தாயிற்று. அதனால் இந்தக் கிறிஸ்மசுக்கும் லீவு இல்லை என்று நீ எழுதினால் எனக்கு வருத்தமில்லை. கோழி நன்றாகப் பேசுகிறது, கேட்டதற்குத்தான் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது.

கர்த்தர் உங்களுக்கு நோய்நொடி தராமல் காப்பாராக, லீவு தருவாராக.

உன் அக்கா,
இன்பமணி

பின்குறிப்பு: மேலே எழுதினது பொய்லே. ஒண்ணுன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். வரல. அஞ்சுன்னுட்டேன். யாரும் கேக்கும் முன்னே நீ விட்டுட்டுப் போன செருப்பை நானே எடுத்துக் காட்டினேன். ஆறு வருசச் செருப்புல ஒரு தூசி இல்லாததைப் பாத்துட்டு சார் 3002-ன்னு எழுதிட்டாரு. கடை வருது. குழாயடியில ஒருத்தியும் எங்கிட்டப் பேசல. கிறிஸ்மசுக்கு நாலு பேரும் வாங்க. குழாயடி வழியா நடந்தே வாங்க, எல்லாவளும் பாக்கட்டும்.