ஃபேன் வயரைப் பிடுங்கியவன்

செம்மேட்டில் ஒரு மெக்கானிக்கின் பிழைப்பைப் பொய் சொல்லிக் கெடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவர்கள் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். கொல்லிமலையில், செம்மேட்டுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். புதிதாக ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். ஒரு நாள் அதன் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, அணையவே இல்லை. கூடவே ரேடியேட்டர் ஃபேனும் சாவியைப் போட்டதிலிருந்து எடுக்கும்வரை மாவு மில் மாதிரி இரைந்துகொண்டே இருந்தது.

மலையில் கார் வேலை தெரிந்தவன் வெள்ளையன் ஒருவன்தான். மலையிலேயே வளப்பூர் நாடு என்கிற பகுதிக்காரன். சந்தைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தான். பானெட்டைத் திறந்து பார்த்தான்.

"சூட்டை அளக்குற சென்சார் போயிருச்சுங்க சார். எவ்வளவு சூடுன்னு வண்டிக்கே தெரியல. அதான் பயந்துக்கிட்டு ஃபேனை ஓட்டிக்கிட்டே இருக்குது. சாமான் சேலத்துல இருந்து வரோணும். அதுவரைக்கும் ஓடுனா ஓடட்டுங்க, கை மட்டும் வெச்சிராதீங்க."

வெப்பவியல் பாடம் நடத்துகிற எனக்கா? காலையில் ஸ்வெட்டர் போடுகிற ஊரில் எஞ்சினுக்கு எதற்கு ஃபேன் என்று யோசித்தேன். (யோசித்தது அவ்வளவுதான்.) ஃபேன் வயரைப் பிடுங்கி, முனையை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டேன். மஞ்சள் விளக்கின் மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டினேன். பிள்ளையாருக்குப் பின்னால் ஒளிவட்டம் வந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது.

இரண்டாம் நாள் என் மனைவியின் அண்ணனை அழைத்துவர அவளோடு அடிவாரத்துக்கு இறங்கினேன். இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடிவாரத்தில் சித்திரை வெயில். அந்த வெயிலோடு எழுபது வளைவு ஏற வேண்டும் என்பது என் இயற்பியலில் வரவில்லை. பாதி மலையில் பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. கொதிக்கும் தண்ணீர் ரோட்டில் ஓடியது. எஞ்சின் ஒரு முக்கு முக்கி நின்றுவிட்டது.

மச்சான் நிதானமாக இறங்கி நின்று பார்த்தார்.

"ஏனுங்க மாப்ளே, பொங்கல் வெக்கறீங்களா?"

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு செம்மேடு வந்தபோது சந்தை நாள். கொட்டகை முன்னால் கூட்டம் கூடிவிட்டது.

"இந்த வண்டியில கடைசியா கை வெச்சது யாருங்க?" என்றார் மச்சான்.

"இவன்தான்," என்று வெள்ளையனைக் காட்டினேன். "ஃபேன் வயரைக் கழற்றிவிட்டு மாட்டாமல் விட்டிருக்கிறான்."

வெள்ளையன் பானெட்டைத் திறந்தான். ரப்பர் பேண்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சார், நல்லா நெனச்சுப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னான். நான் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தான். நான் சட்டையில் பட்டிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் வண்டியையே கெடுத்துவிட்டான் என்று பேச்சுப் பரவியது. சர்க்கார் ஆபீஸ் ஜீப்புகள் அவனிடம் ரிப்பேருக்கு வராமல் போயின. வருடம் திரும்புவதற்குள் அவன் கொட்டகையைப் பிரித்தான். அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் வேறொருவரின் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அங்கே போக எனக்கு மூன்று வருடம் ஆனது.

டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். குனிந்து, பிடுங்கியது நான்தான் என்றேன்.

"தெரியுமுங்க சார்."

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"சொன்னனுங்களே. நெனச்சுப் பாருங்கன்னு." ஸ்பேனரை மாற்றிப் பிடித்தான். "நானு வேற எப்படீங்க சொல்றது?"

அடுத்த சந்தை நாளில் செம்மேட்டு டீக்கடையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். கடைக்காரர், "வாத்தியாருக்கு எம்புட்டுப் பெரிய மனசு பாருங்க. அவன் பொழைக்கட்டும்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறாரு," என்றார். என்னிடம் டீக்குக் காசுகூட வாங்கவில்லை. யாரும் வெள்ளையனைத் திரும்பக் கூப்பிடவில்லை.

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்தி முடிந்ததும் மச்சான் இந்தக் கதையை எடுப்பார். ஒவ்வொரு முறையும் நான் குறுக்கிட்டுத் திருத்துவேன். "பாத்தீங்களா, இன்னமும் அவனை உட்டுக்குடுக்க மாட்டேங்கறாரு," என்பார். அந்த இடத்தில்தான் எல்லோரும் அதிகமாகச் சிரிப்பார்கள். இப்போது என் பேரனும் அதை நன்றாகச் சொல்லிக்காட்டுகிறான். அவன் கதையிலும் வயரைப் பிடுங்கியது வெள்ளையன்தான்.