இறக்கை வைத்த டிரெய்லரும் ஒரு மூட்டை நெல்லும்

மாதனூர்,
திங்கட்கிழமை காலை தொடங்கியது.

மதிப்புக்குரிய சம்பந்தி கோதண்டராமன் அவர்களுக்கு, மாதனூர் தனகோடி இரண்டு கைகளையும் கூப்பி எழுதிக்கொள்வது. கூப்பிய கைகளால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை, அதனால் வலது கையை மட்டும் எடுத்துக்கொண்டேன், தவறாக நினைக்க வேண்டாம்.

கையெழுத்துக்கும் மன்னிக்க வேண்டும். வரி நேராகப் போகாமல் மேடேறுகிறது, ஒரு எழுத்து குண்டாகவும் பக்கத்து எழுத்து பட்டினி கிடந்தது போலவும் இருக்கிறது. அறுபத்தெட்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது, என் கையால் நான் எழுதும் முதல் கடிதம் இது. டீச்சர் நித்யஸ்ரீ, "ஒரு சேதி முடிஞ்சதும் புள்ளி வையுங்க தாத்தா" என்கிறார். புள்ளி வைத்தால் கை நின்றுவிடுகிறது, மறுபடி கிளப்ப நேரம் ஆகிறது, அதனால் புள்ளி கம்மியாகத்தான் இருக்கும், நீங்களே பார்த்து மூச்சு விட்டுக்கொள்ளவும்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும், எனக்குக் கேட்டால் தெருவுக்கே கேட்கும். முன்பெல்லாம் கடிதம் என்றால் இன்னொருவரிடம் சொல்லித்தான் எழுத வேண்டும், எழுதியவர் வாயை யார் மூடுவது? இப்போது நான் எழுதுகிறேன், நீங்கள் படிக்கிறீர்கள், நடுவில் ஆள் கிடையாது. வீட்டில் சௌந்தரத்துக்கு விஷயம் தெரியும், ஆனால் நான் உங்களுக்கு எழுதுவது தெரியாது. என் மகனுக்கும் உங்கள் மகளுக்கும் ஒன்றுமே தெரியாது. அது அப்படியே இருக்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை வாலாஜாபேட்டைப் பக்கத்து ரன்வேயில் நீங்களும் உங்கள் ஷூ கம்பெனிக்காரர்களும் மாலையோடு காத்திருந்தீர்கள். ஏரோப்ளேன் வந்தது, அதன் பின்னால் வர வேண்டிய கிளைடர் வரவில்லை, வெறும் கயிறு மட்டும் ஆடிக்கொண்டு வந்தது. "இது நமக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு மாலையைக் காரிலேயே வைத்துவிட்டீர்களாம், உங்கள் மகள் சங்கீதா சொன்னாள். டெஸ்பாட்ச் மேனேஜர் என்ற முறையில் கிளைடர் வேண்டாம் என்று வரும் வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்கப்போகிறீர்களாம். நீங்கள் எழுதிவிட்டால் கிளைடர்க்காரர்கள் இங்கே மாதனூர் ரன்வேயை மூடிவிட்டு வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார்கள், கிளைடருக்கு லோடு ஏற்றிக் கயிறு கட்டும் உங்கள் மாப்பிள்ளை சூரியபிரகாஷ் வீட்டுக்கு வந்துவிடுவான். சம்பந்தி, கிளைடர் மேல் தப்பில்லை, மாப்பிள்ளை மேலும் தப்பில்லை. தப்பு என்னுடையது.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் இந்த மாதனூர் ரன்வேயில் பகல் வாட்ச்மேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வெள்ளை வண்டியை இறக்கிய அன்றே இன்ஜினியர் சௌமியாவிடம் போய் நின்றேன், பாகாயத்துப் பெண், எது கேட்டாலும் முகம் சுளிக்காது.

"இன்னாம்மா இது, எஞ்சினையே காணோம்?"

"எஞ்சின் கிடையாது ஐயா."

"டிரைவர்?"

"அவரும் கிடையாது."

"அப்புறம் இன்னாதான் இருக்குது?"

"இறக்கை இருக்கு, உள்ள கம்ப்யூட்டர் இருக்கு. முன்னாடி போற ப்ளேன் கயிறு கட்டி இழுக்கும். ஊர் வந்ததும் இது கயித்த விட்டுட்டுத் தானே இறங்கிடும்."

"அப்ப இது டிரெய்லர்னு சொல்லு."

"ஆமா ஐயா, இறக்கை வெச்ச டிரெய்லர்!"

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு எஞ்சின், ஒரு டிரைவர், எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தி, லோடு இரண்டு மடங்கு. கப்பலுக்கு நேரம் தவறிய ஷூவை ஆகாயத்தில் அனுப்பி வந்த லாபத்தையும் ஆகாயத்திலேயே விடுகிற பேஜார் உங்களுக்குத்தான் தெரியும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். கயிறு நடுவழியில் தொய்ந்தால்? ரயில் மாதிரி பத்தை வரிசையாகக் கட்டினால் ஆகாதா? "மொதல்ல ஒண்ணு ஒழுங்கா போகட்டும் ஐயா" என்றது சௌமியா. எஞ்சின் இல்லாமல் எப்படி மேலேயே நிற்கும் என்றதற்கு, தோல் கம்பெனி மேலே சுற்றுகிற பருந்தைக் காட்டி, "அது இறக்கையை அடிக்குதா பாருங்க" என்றது. நான் அரை மணி நேரம் பார்த்தேன், அடிக்கவில்லை. இப்படி நாற்பத்து மூன்று கேள்வி கேட்டிருக்கிறேன், நாற்பத்திரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டது. ஒருவர் நிலத்தில் அது தானாக இறங்கிவிட்டால், மிதிபட்ட வேர்க்கடலைக்கு நிலத்துக்காரர் யாரிடம் சண்டை போடுவது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

போன வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் சூரியபிரகாஷ் லோடு ஏற்றினான். பார்த்தால் பதினாறு மூட்டை மணல். "இன்னாடா இது?" என்றேன். "வெயிட்டுக்குப்பா. மொதல் தடவையே ஷூவை ஏத்தி, எங்கியாவது கொட்டிட்டா?" என்றான். வீட்டுக்கு வந்து சௌந்தரத்திடம் சொன்னேன், புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"மொதல் லோடே மண்ணா? புது வண்டில மண்ண வாரிப் போட்டா வெளங்குமாய்யா? நீயும் பாத்துட்டு வந்து சொல்ற!"

அவள் கேட்பதில் நியாயம் உண்டு. நம் பக்கத்தில் டிராக்டரோ மூன்று சக்கர வண்டியோ, புதிதாக வந்தால் முதலில் ஏற்றுவது நெல்லும் உப்பும் மஞ்சளும்தானே. நான் டிராக்டர் ஓட்டிய காலத்தில் என் டிரெய்லர் வந்த அன்றும் அதைத்தான் ஏற்றிக் கோயில் வரைக்கும் போய்வந்தேன், மறுநாள்தான் ஈரத்தோல் ஏற்றினேன், இருபத்திரண்டு வருஷம் ஒரு தடவைகூடக் கவிழவில்லை. மகன் பிழைப்பு நம்பியிருக்கிற வண்டி மண்ணோடு கிளம்பலாமா?

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லாரும் டிபனுக்குப் போனார்கள். நெல், உப்பு, மஞ்சள் எல்லாம் சேர்த்து ஒரே மூட்டையாக மொபெட்டில் கொண்டுபோய் அவர்கள் தராசிலேயே நிறுத்தேன், இருபத்தைந்து கிலோ, ஒரு பிடி கூடவும் இல்லை குறையவும் இல்லை. முன்பக்கத்திலிருந்து மணல் மூட்டை ஒன்றை எடுத்து, வெளியே கிடந்த உபரி மூட்டைகளோடு போட்டேன். நெல் மூட்டை தடிமன், எடுத்த இடத்தில் நுழையவில்லை, ஆனால் வால் பக்கம் நெல்லுக்கென்றே செய்தது போல ஒரு பொந்து இருந்தது, அதில் தள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கதவைச் சாத்தினேன். கிளம்பும் முன் சௌமியா டேப்லெட்டைப் பார்த்து, "நானூறு கிலோ, கரெக்ட்!" என்றதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷம் டிராக்டர் ஓட்டியவன் நான். டிரெய்லரில் பின்பாரம் ஏறினால் கொக்கி தூக்கும் என்பது வேலைக்குச் சேர்ந்த மறுநாளே லோடுமேனுக்குத் தெரியும், இறக்கையைப் பார்த்த சந்தோஷத்தில் அது எனக்கு மறந்தே போயிற்று. பைலட் ஹெலன் ப்ளேனைக் கிளப்பியது, கயிறு விறைத்தது, இழுக்கிற ப்ளேனுக்கு முன்பே கிளைடர் தரையை விட்டு எழும்பியது, நான் கை தட்டினேன், தட்டிய கை சேரும் முன்பே அதன் பின்பக்கம் தாழ்ந்து, நாய் குந்துவது போலக் குந்தி, மூக்கு வானத்தைப் பார்த்தது. உள்ளே ஆள் இருந்தால் கத்தியிருப்பான். இது கத்தவில்லை, கண் மூடித் திறப்பதற்குள் யோசித்துக் கயிற்றை விட்டுவிட்டு, மூக்கைத் தாழ்த்தி, கடலைக் கொல்லை மேலே ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே இறங்கி ஓடி என் ஷெட்டுக்கு இருபது அடி தள்ளி நின்றது. ரன்வேயில் அது நின்றுவிட்டதால் ஹெலனுக்கு இறங்க இடம் இல்லை, அதனால்தான் உங்களிடம் வெறும் கயிற்றோடு வந்தது.

ஜீப்பு எதிர்முனையிலிருந்து கிளம்புவதைப் பார்த்தேன். ஓடினேன், கதவைத் திறந்தேன், மூட்டையை இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போட்டுக் கோணியை மூடி அதன் மேல் உட்கார்ந்தேன். சௌமியா வந்தது.

"ஐயா, கிட்ட யாராவது வந்தாங்களா?"

"யாரும் வர்லியேம்மா."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"வயசாய்டுச்சும்மா."

அதற்குப் பிறகுதான் வினை. ஏறும்போது நானூறு கிலோ, இறங்கிய பின் முந்நூற்று எழுபத்தைந்து. சூரியபிரகாஷ் எண்ணினான், பதினைந்து மூட்டை. இன்னொரு தடவை எண்ணினான், பதினைந்தேதான். ஆகாயத்திலிருந்து விழுந்த மூட்டையைத் தேடி நாலு பேர் கொல்லைக் கொல்லையாக நடந்தார்கள். ஆறு நாளாகக் கிளைடரைப் பிரித்து வயர்களையெல்லாம் வெளியே போட்டிருக்கிறார்கள், அதன் எடை பார்க்கும் கருவி பொய் சொல்கிறதாம். "இது மட்டும் எனக்குப் புரியல ஐயா" என்று அந்தப் பெண் என்னிடமே வந்து சொன்னது. நாற்பத்திரண்டு பதில் வாங்கிக்கொண்ட நான், அதற்கு வேண்டிய ஒரே பதிலை மூடி வைத்துக்கொண்டு நிற்கிறேன். சூரியபிரகாஷ் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு, "ஏம்மா, எனக்கு பதினாறு வரைக்கும் எண்ணத் தெரியாதா?" என்று கேட்கிறான்.

அந்த நெல் எங்கே என்று கேட்பீர்கள். பறந்து வந்த நெல்லைச் சும்மா வைக்கக்கூடாது என்று சௌந்தரம் மஞ்சளையும் உப்பையும் எடுத்துவிட்டு, அவித்துக் காயவைத்து மில்லில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை சங்கீதா அங்கே வந்தபோது அவளிடம் உங்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். நல்ல அரிசி என்று நீங்கள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களாம். உங்களை இதில் இழுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் இருந்த ஒரே சாட்சி இப்போது உங்கள் வயிற்றில்தான் இருக்கிறது.

ஆகையால் வெள்ளிக்கிழமை, கிளைடர் வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். மூன்று இன்ஜினியர்கள் ஆறு நாளாகக் கண்டுபிடிக்காததை அந்த வண்டி ஒரு நொடியில் கண்டுபிடித்து, ஒரு கீறல் இல்லாமல் வீடு திரும்பியிருக்கிறது, அது உங்கள் ஷூவையா கொட்டப்போகிறது? எத்தனையோ லோடு பார்த்தவர் நீங்கள், உங்களுக்கே தோன்றியது போல, "பின்பாரம் ஏறியிருக்கும், பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். என் பெயர் மட்டும் வேண்டாம். மகன் என்னை அப்பா என்று கூப்பிடும்போது அதில் ஒரு மரியாதை இருக்கிறது, அதை ஒரு மூட்டை நெல்லுக்காக இழக்க மனம் இல்லை.

சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி குறைய வேண்டும், உங்கள் கம்பெனிக்கு நேரம் தவறாத ஆர்டர்களாக வர வேண்டும், நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை மடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
த. தனகோடி
(கைநாட்டு இல்லை, கையெழுத்து.)

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. மடித்து உறையில் போடும்போது சௌந்தரம், "மூணு நாளா இன்னாய்யா எழுதற?" என்றாள். ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் சம்பந்தி, பதினொரு பக்கம், முழுக்க என் கையெழுத்து, அதை ஒருவருக்கும் படித்துக் காட்டாமல் ஒட்டிவிட முடியுமா? முதல் பக்கம் மட்டும் என்று ஆரம்பித்தேன். நெல் மூட்டைக்கு வந்தபோது சங்கீதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். மூட்டை மேல் நான் உட்கார்ந்த இடத்துக்கு வந்தபோது வாசற்படியில் சூரியபிரகாஷ் நின்றிருந்தான், நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை, என் பெயர் மட்டும் வேண்டாம் என்ற வரியையும் அவனுக்கே சத்தமாகப் படித்து முடித்தேன்.

"அப்ப நான் பதினாறுதான் வெச்சேன்! சரியாத்தான் எண்ணிக்கிறேன்!" என்று கத்தினான். திட்டவே இல்லை. உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான், நடுவில் ஒரு தடவை, "அப்பா, ஊறுகா குடு" என்றான், மரியாதையில் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

சங்கீதா உங்களுக்குப் போன் போட்டாள். நீங்கள் சிரித்தது ஸ்பீக்கர் போடாமலேயே எனக்குக் கேட்டது. ஆகவே இந்தக் கடிதத்தில் உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்றுமில்லை, இருந்தாலும் ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டது, எழுதிய கைக்கும் மரியாதை வேண்டும், போகட்டும். சூரியபிரகாஷ் போய்ச் சொன்னதும் சௌமியா வயர்களை மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, வாலிலும் எடை பார்க்க ஒன்று வைக்கப்போகிறதாம். சனிக்கிழமை ஐம்பது பெட்டி ஷூ அனுப்ப நீங்கள் ஒத்துக்கொண்டதாகவும், அதற்கு நீங்களே மாதனூருக்கு வந்து, வண்டி கிளம்பும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நூறு அடி தள்ளி நிற்பதாக நிபந்தனை போட்டதாகவும் உங்கள் மாப்பிள்ளை சொன்னான். எனக்குச் சம்மதம். நான் பார்ப்பதையெல்லாம் பக்கத்தில் நின்று நீங்களும் பார்ப்பீர்கள்தான், இருந்தாலும் அது எப்படிக் கிளம்பியது என்று அடுத்த வாரம் உங்களுக்கு விவரமாக எழுதுகிறேன்.