வெள்ளரிக்காய் பட்ட முட்டி

ஹகாத்தா,
ஜூலை பத்து.

அன்பும் பொறுமையும் நிறைந்த தம்பி தெத்சுரோவுக்கு,

அண்ணன் கன்ஜி எழுதுவது. மழை விட்டும் விடாமலும் புழுங்குகிற இந்த நாட்களில், வடக்கே சப்போரோவில் நீயும் உன் மனைவியும் குளிர்ச்சியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் இடது முட்டி நீங்கலாக அனைவரும் நலம். அரிசிக் கடையும் நலம்.

முட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன் என்பதால் மரியாதைப் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பதினைந்தாம் தேதி விடியற்காலையில் சாமி சப்பரம் ஓடுகிறது. இடப்பக்கத் தண்டில் மூன்றாவது இடம் அப்பா நின்ற இடம். அவருக்குப் பிறகு முப்பத்தொரு வருடமாக நான் நிற்கிற இடம். இந்த வருடம் நீ விமானம் பிடித்து வந்து அங்கே நிற்க வேண்டும். அந்தத் தண்டுக்குத் தோள் உயரம் சரியாக உள்ளவன் நம் வீட்டில் நீ ஒருவன்தான். பதின்மூன்றாம் தேதிக்குள் சப்பரச் சங்கத்தில் பெயர் கொடுக்காவிட்டால் இடம் சலூன்காரன் குரோகிக்குப் போய்விடும். போன வாரம் சவரத்துக்கு உட்கார்ந்தேன். முகம் முழுக்க சோப்பு பூசி, கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இந்த வருசம் உங்க எடம் காலிதானே?" என்று கேட்கிறான். அந்த நிலைமையில் யாரால் இல்லை என்று சொல்ல முடியும்?

எல்லாம் ஆரம்பித்தது போன மாதம். லிஃப்ட் இல்லாத கட்டடம், நான்காவது மாடி, முப்பது கிலோ அரிசி மூட்டை. ஓட்டப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டதே என்று மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிலேயே ஓடினேன், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்கிற நினைப்பில். மூன்றாவது மாடியில் முட்டிக்குள் மொறுக்கென்று ஒரு சத்தம். ஒரு வீட்டுக் கதவு திறந்தது. "யாருங்க வாசல்ல நின்னு முறுக்கு திங்கிறது?" என்று ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். நான் தின்னவில்லை, நொறுங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

டாக்டர் மியாகேயிடம் போனேன். மனிதர் முட்டியை அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், படம் எடுத்தும் பார்த்தார். "கன்ஜி, ஓடுங்க, தப்பில்ல. மூட்ட தூக்குங்க, தப்பில்ல. தூக்கிக்கிட்டு மட்டும் ஓடாதீங்க. மூணு மாசம் ஓய்வு" என்றார். ஒரு டன் சப்பரத்தை இருபத்தாறு பேர் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர்தானே திருவிழா? அதை விட்டால் திருவிழாக் கோவணத்தைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் சும்மா நிற்கலாம். அதோடு, இந்த டாக்டர் யார்? ஆற்றங்கரைக் கூட்டத்துச் சப்பரத்தில் முன்வரிசை ஆள். போன வருடம் நம்மிடம் நான்கே வினாடி வித்தியாசத்தில் தோற்ற கூட்டம். ஓய்வு என்று சொன்னபோது அந்த முகத்தில் அந்த நான்கு வினாடியும் தெரிந்தது. ஆகவே அவர் சொன்னதற்கு நேர்மாறாக, தினமும் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினேன். நான்காம் நாள் முட்டி பூசணிக்காய் ஆகிவிட்டது. இப்போது யோசித்தால், நான் நேர்மாறாகச் செய்வேன் என்று தெரிந்தேதான் அப்படிச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு பெரிய சூழ்ச்சி பார்.

உன் அண்ணி ஃபுசாயே நாகசாகிக்காரி என்பது உனக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் ஆகியும் நம் ஊர் அவளுக்குள் இறங்கவில்லை. மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில், வீக்கத்துக்கு நல்லது என்று வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக அரிந்து முட்டியைச் சுற்றி ஒட்டிவிட்டாள். வெள்ளரிக்காயை! ஜூலை மாதத்தில்! குறுக்கே வெட்டினால் சாமியின் முத்திரை தெரிகிறது என்று திருவிழா முடியும்வரை ஊரே வாயில் வைக்காத வெள்ளரிக்காயை! அந்த நேரம் பார்த்தா சங்கத் தலைவர் நொமியாமா வீட்டுக்குள் நுழைய வேண்டும்?

"கன்ஜி, இது என்னய்யா?"

"முட்டிங்க."

"அது தெரியுது. முட்டிக்கு மேல?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபுசாயே முந்திக்கொண்டு, "வெள்ளரிக்காய்ங்க. நல்லா சில்லுனு இருக்கும். உங்களுக்கும் ரெண்டு அரிஞ்சு தரட்டுங்களா?" என்றாள்.

தலைவர் திரும்பக்கூட இல்லை. வந்த வழியே பின்பக்கமாக நடந்து போய்விட்டார்.

மறுநாள் சங்கத்தில் விசாரணை. தின்றால்தான் குற்றமா, ஒட்டிக்கொண்டாலும் குற்றமா என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். குரோகி எழுந்து, "தோல் வழியா உள்ள போகும்ங்க. தலைல எண்ணெ தேய்ச்சா இறங்குதுல்ல? நான் தெனம் பாக்குறேன்" என்று தொழில்முறைச் சாட்சி சொன்னான். எனக்கு வந்ததே கோபம். "உள்ள போயிருந்தா வீக்கம் கொறஞ்சிருக்கணுமேடா! கொறஞ்சிருக்கா, நீயே பாரு!" என்று காலைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். நாற்பது பேர் வரிசையில் வந்து குனிந்து பார்த்தார்கள். கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "கன்ஜி மேல தப்பில்ல. தப்பு முட்டி மேல. கன்ஜி ஓடலாம், எடது முட்டி ஓடக் கூடாது." அதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வர ஏதாவது வழி உண்டா என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் அக்கறையாகக் கேட்டார். வழி இல்லாததால், கடற்கரையிலிருந்து கொண்டுவந்த புனித மணலைத் தேய்த்துத் தீட்டுக் கழிப்பதென்று முடிவாயிற்று. ஆறு பேர் பிடித்துக்கொண்டு தேய்த்தார்கள். தீட்டு போனதோ என்னவோ, தோல் போய்விட்டது.

சிரிக்காதேடா தம்பி. இன்று காலை மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். பதினைந்தாம் தேதிக்கு முன்னோட்டமாக, இந்த வருடத்தில் இன்றுதான் சப்பரம் முதல் முறையாக நம் தெருக்களில் ஓடுகிறது. நான் சமையலறையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் இடத்தில் தற்காலிகமாகக் குரோகி. வருடம் முழுக்க நான் அரிசி விற்கிறவன். தண்டு தோளில் ஏறுகிற அந்த அரைமணி நேரம்தான் எனக்கு அது மறந்துபோகும். அதை விட்டுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்? ஆனால் வயது ஐம்பத்தொன்பது. தீர யோசித்து, தெளிந்த மனதோடு, ஒதுங்கிக்கொள்கிறேன். இது என் இறுதி முடிவு. நீ வா.

உன் மனைவிக்கு என் வணக்கம். உனக்கும், குறிப்பாக உன் முட்டிகள் இரண்டுக்கும், எல்லா நலனும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கன்ஜி

பி.கு.: தாள் நனைந்து மை பரவி, ஓரத்தில் பல் தடம் இருப்பதற்கு மன்னிக்கவும். இதைத் தபால் பெட்டியில் போடத்தான் நொண்டிக்கொண்டே கிளம்பினேன். மூலை திரும்பி "ஓய்சா! ஓய்சா!" என்று சப்பரம் வந்துவிட்டது. குரோகி என் இடத்தில் தோள் எட்டாமல் நுனிக்காலில் குதித்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும், "அண்ணே, வந்து தொலைங்க! தண்டு காதுல இடிக்குது!" என்று கத்திக்கொண்டே விலகினான். அப்புறம் என்ன நடந்ததென்று என் கால்களைத்தான் கேட்க வேண்டும். இரண்டு கையும் தண்டில் இருந்ததால் கடிதத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, வழியெல்லாம் ஜனங்கள் வழக்கம்போல வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்ற, பாலம் வரை ஓடினேன். சப்பரத்தின் மேலே உட்கார்ந்திருந்த தலைவர், "கன்ஜி! கோவணம் எங்கய்யா? பைஜாமாவோடயா வருவாங்க?" என்று பாலம் வரைக்கும் திட்டினார். முட்டியில் உயிர் போகிறது. டாக்டர் மியாகே சொன்னது அத்தனையும் உண்மை, பாவம், நல்ல மனிதர்.

நீ வர வேண்டாம். என் இடத்தில் உன்னைப் பார்த்தால்கூட எனக்குப் பொறுக்காது. வந்தே தீருவேன் என்றால் பதினைந்தாம் தேதி ஒரு வாளித் தண்ணீரோடு கடை வாசலில் நில். மற்றவர்கள் மாதிரி தலையில் ஊற்றாதே. இடது முட்டியில் ஊற்று.